எவருடைய செல்வம்?

'என்னுடையது' என்ற சொல்லை மனிதன் குழந்தைப் பருவத்திலேயே கற்றுக்கொண்டுவிடுகிறான். அந்தச் சொல்லின் பிடியிலிருந்து விடுபடக் கற்பதற்கோ அவனுக்குப் பெரும்பாலும் ஓர் ஆயுள் போதுவதில்லை. துறவியின் வழி தெளிவானது. அவர் உடைமையை விட்டு வெளியேறுகிறார். இல்லறத்தானுக்கு அது எளிதன்று. அவனுக்கு வீடு உண்டு, நிலம் உண்டு, முன்னோர் விட்டுச் சென்ற நகைகளும் பொருள்களும் உண்டு. அவற்றைக் காக்க வேண்டிய கடமையும் அவனுக்கு இருக்கிறது. பற்றின்மையைப் போதிக்கும் நூல்களைப் படிக்கும்போதெல்லாம் அவன் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகிறது: 'பொருளைக் காப்பதும் பற்று இல்லாமல் இருப்பதும் ஒரே மனிதனால் ஆகக்கூடியவையா? ஆகுமென்றால், தன் கையில் உள்ள பொருளின்மீது அவனுக்கு இருக்கும் உரிமைதான் என்ன?'

இந்தக் கேள்விக்குச் சாத்திரங்கள் விடை கூறியுள்ளன. வரலாறும் சில சமயங்களில் விடை கூறுகிறது. இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில், ஆர்னோ நதியின் தென்கரையில் நிற்கும் பிட்டி அரண்மனையின் வரலாறு அத்தகைய விடைகளுள் ஒன்று. சுமார் ஐந்தரை நூற்றாண்டுகளாக நிற்கும் அந்தக் கட்டடம் ஒரு செல்வந்தரின் பெருமிதத்தில் தொடங்கி, மன்னர் குடும்பங்களின் இருப்பிடமாக விளங்கி, இன்று யார் வேண்டுமானாலும் நுழைவுச்சீட்டுப் பெற்று உள்ளே செல்லக்கூடிய பொதுக் கலைக்கூடமாகத் திகழ்கிறது. இந்த மாற்றத்திற்கு ஒரு பெண்மணி எடுத்த முடிவு பெரிதும் காரணமாயிற்று.

பெருமிதம் எழுப்பிய சுவர்கள்

15-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிளாரன்ஸ் நகரில் லூகா பிட்டி என்ற வங்கியாளர் வாழ்ந்தார். அக்காலத்தில் அந்நகரின் அரசியலையும் வாணிபத்தையும் ஆட்டுவித்தவர்கள் மெடிசி குடும்பத்தினர். அவர்களுடைய மாளிகையைத் தமது மாளிகை விஞ்சவேண்டும் என்று லூகா பிட்டி விரும்பினார். மெடிசி மாளிகையின் வாயில்களைவிடத் தமது மாளிகையின் சன்னல்கள் பெரியனவாக இருக்கவேண்டும் என்று அவர் ஆணையிட்டதாக ஒரு கதை வழங்குகிறது. கதை உண்மையோ அல்லவோ, செதுக்கி மழுப்பாத பெரும் பாறைக் கற்களால் எழுப்பப்பட்ட அந்தச் சுவர்களைப் பார்ப்பவர்கள் அதை நம்பத் தயங்க மாட்டார்கள்.

ஆனால் 1466-ஆம் ஆண்டு அரசியலில் ஏற்பட்ட குழப்பத்திற்குப் பின் அவருடைய செல்வாக்குச் சரிந்தது. 1472-ஆம் ஆண்டு அவர் இறந்தபோது மாளிகை முற்றுப்பெறவில்லை. அடுத்த நூற்றாண்டின் நடுவில் அவருடைய வழித்தோன்றல் அதை விற்றார். வாங்கியவர் மெடிசி குலத்துக் கோமகன் முதலாம் கோசிமோவின் மனைவி எலியனோரா. எந்தக் குடும்பத்தை விஞ்சுவதற்காக மாளிகை கட்டப்பட்டதோ அந்தக் குடும்பத்தின் கைக்கே அது போய்ச் சேர்ந்தது. கட்டியவரின் பெயர் மட்டும் இன்றுவரை அதன்மீது ஒட்டிக்கொண்டிருக்கிறது. உலகியல் பெருமிதத்தின் ஆயுள் எவ்வளவு என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

மெடிசி கோமக்கள் அதை விரிவுபடுத்தினர். பின்புறக் குன்றுச் சரிவில் போபோலி என்னும் பெரிய பூங்காவை அமைத்தனர். 1565-ஆம் ஆண்டு கோசிமோவின் ஆணைப்படி ஜார்ஜியோ வசாரி என்ற கலைஞர் ஒரு விந்தையான நடைபாதையை ஐந்தே மாதங்களில் கட்டி முடித்தார். நகரின் ஆட்சி மாளிகையிலிருந்து தொடங்கி, வீடுகளின் மேலாகவும், ஆர்னோ நதியின் பழைய பாலத்தின் மேலாகவும் சென்று பிட்டி அரண்மனையை அடையும் மூடுபாதை அது. அதன் நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். வழியில் உள்ள தேவாலயத்திலும் ஆட்சியாளர் குடும்பத்திற்கென்று ஒரு மாடம் உண்டு. கீழே மக்கள் கூடி வழிபட, மேலிருந்தபடியே அவர்கள் வழிபாட்டில் கலந்துகொள்வார்கள். மக்களோடு தோள் உராயாமல் வாழ்வதற்கென்றே கட்டப்பட்ட பாதை அது. இறைவன் சந்நிதியிலும் தான் வேறு, பிறர் வேறு என்று பிரித்துக்கொள்ளும் அகங்காரத்தின் கல்வடிவம் என்றே அதைக் கூறலாம்.

அந்தப் பாதையின் பிற்கால நிலை சிந்திக்கத்தக்கது. 2016-ஆம் ஆண்டு பாதுகாப்புப் பணிகளுக்காக மூடப்பட்ட அது, 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்டது. மக்களைத் தவிர்ப்பதற்காக ஒருவர் கட்டிய வழியில் இன்று மக்களே நடக்கிறார்கள்.

கடைசி விளக்கு

சுமார் இரண்டு நூற்றாண்டுகளில் மெடிசி குடும்பத்தினர் சேர்த்த கலைச்செல்வம் அளவிடற்கரியது. ராஃபேல், டிஷியன், ரூபன்ஸ் முதலிய பேரோவியர்களின் படைப்புகள், பழங்காலச் சிலைகள், அரிய சுவடிகள், மணிகள், தந்தத்திலும் வெள்ளியிலும் செய்த பொருள்கள் எனப் பிட்டி அரண்மனையும் நதியின் மறுகரையிலுள்ள உஃபீசி மாளிகையும் நிரம்பி வழிந்தன. அவை எல்லாம் தூய வழியில் சேர்ந்தவை என்று எவரும் கூறமாட்டார்கள். கலைஞர்களை ஆதரித்துச் சேர்த்தவை சில. விலைக்கு வாங்கியவை சில. திருமணச் சீராக வந்தவை சில. ராஃபேல் பிறந்த உர்பினோ நகரின் ஆட்சிக் குடும்பம் 1631-ஆம் ஆண்டு ஆண் வாரிசின்றி முடிந்தபோது, அக்குடும்பத்தின் ஓவியங்கள் பல பேத்தி விட்டோரியாவின் உடைமையாக மெடிசி இல்லத்திற்கு வந்து சேர்ந்தன. உர்பினோ இழந்ததைப் பிளாரன்ஸ் பெற்றது.

அதே விதி ஒரு நூற்றாண்டுக்குப் பின் மெடிசி குடும்பத்தையும் தேடி வந்தது. விட்டோரியாவின் மகன் மூன்றாம் கோசிமோவுக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். மூத்த மகன் 1713-ஆம் ஆண்டு மக்கட்பேறின்றி மறைந்தார். இளைய மகன் ஜான் கஸ்தோனேவுக்கும் குழந்தைகள் இல்லை. மகள் அன்னா மரியா லுயிசா 1667-ஆம் ஆண்டு பிறந்தவர். அவர் 1691-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பாலடினேட் பகுதியை ஆண்ட யோஹான் வில்ஹெல்மை மணந்து டுசெல்டார்ஃப் நகருக்குச் சென்றார். அவருக்கும் மகப்பேறு வாய்க்கவில்லை. 1716-ஆம் ஆண்டு கணவர் இறந்தார். மறு ஆண்டே அவர் பிறந்த ஊருக்குத் திரும்பினார்.

மகள் ஆட்சிக்கு வரவேண்டும் என்று தந்தை செய்த முயற்சிகளை ஐரோப்பிய வல்லரசுகள் ஏற்கவில்லை. டஸ்கனி நாடு யாருக்கு என்பதை அந்நாட்டு மக்களையோ அதன் ஆட்சிக் குடும்பத்தையோ கேளாமல் அவை தமக்குள் பேசி முடித்தன. லொரேன் பகுதியின் கோமகன் பிரான்சிஸ் ஸ்டீபனுக்கு அது ஒதுக்கப்பட்டது. 1737-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் ஜான் கஸ்தோனே இறந்தார். ஆட்சி கைமாறியது. ஆனால் குடும்பத்தின் உடைமைகள் சகோதரியான அன்னா மரியா லுயிசாவிடம் வந்தன. அப்போது அவருக்கு வயது 69, எதிரில் ஓர் அந்நிய அரசு, பின்னால் வாரிசு எவரும் இல்லை. கையில் மட்டும் ஐரோப்பாவின் மிகப்பெரிய கலைச்செல்வங்களுள் ஒன்று.

அந்நிலையில் அவர் என்ன செய்திருக்கலாம்? விற்றிருக்கலாம். உறவினர்களுக்கும் பிற அரச குடும்பங்களுக்கும் பங்கிட்டிருக்கலாம். புதிய ஆட்சியாளரிடம் நிபந்தனையின்றி ஒப்படைத்துவிட்டுத் தமக்குரிய வசதிகளை மட்டும் கேட்டுப் பெற்றிருக்கலாம். அக்காலத்தில் இவை எவையும் குற்றமாகக் கருதப்பட்டிருக்கமாட்டா. மாந்துவா நகரின் ஆட்சிக் குடும்பம் தனது ஓவியத் தொகுப்பின் பெரும்பகுதியை 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மன்னருக்கு விற்றுவிட்டது. மோதேனா நகரின் கோமகனும் தம் தொகுப்பின் தலைசிறந்த 100 ஓவியங்களை 1740-களில் டிரெஸ்டன் நகருக்கு விற்றார்.

1737-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் அன்னா மரியா லுயிசா புதிய ஆட்சியாளருடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். வரலாற்றில் அது 'குடும்ப ஒப்பந்தம்' எனப்படுகிறது. ஓவியங்கள், சிலைகள், நூலகங்கள், மணிகள் முதலிய யாவற்றையும் அவர் புதிய ஆட்சியாளருக்கும் அவருக்குப் பின் வருவோருக்கும் வழங்கினார். நிபந்தனை ஒன்றுதான்: அவற்றுள் எதுவும் நாட்டின் தலைநகரை விட்டும் நாட்டை விட்டும் வெளியே கொண்டுசெல்லப்படக் கூடாது. அவை நாட்டுக்கு அணியாகவும், பொதுமக்களுக்குப் பயனாகவும், அயல்நாட்டார் ஆர்வத்துடன் தேடிவரும் பொருளாகவும் விளங்கவேண்டும் என்ற காரணமும் அதில் குறிக்கப்பட்டது.

'பொதுமக்களுக்குப் பயன்' என்ற சொற்கள் அரச குடும்பத்து ஆவணம் ஒன்றில் 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இடம்பெற்றது சிறிய செய்தியன்று. ஐரோப்பாவில் பொது அருங்காட்சியகம் என்ற எண்ணமே அப்போதுதான் அரும்பிக்கொண்டிருந்தது. ஒப்பந்தத்திற்கு 32 ஆண்டுகளுக்குப் பின், 1769-ஆம் ஆண்டு, பிரான்சிஸ் ஸ்டீபனின் மகன் பீட்டர் லியோபோல்டு உஃபீசி கலைக்கூடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். பிட்டி அரண்மனையின் ஓவியக்கூடமும் 19-ஆம் நூற்றாண்டில் மக்கள் பார்வைக்கு வந்தது. 1865 முதல் 1871 வரை பிளாரன்ஸ் ஒன்றுபட்ட இத்தாலியின் தலைநகராக இருந்தபோது மன்னர் அங்கே தங்கினார். இறுதியாக 1919-ஆம் ஆண்டு மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் அரண்மனையை நாட்டுக்கே அளித்தார்.

அன்னா மரியா லுயிசா தம் கடைசி ஆண்டுகளைப் பிட்டி அரண்மனையின் ஒரு பகுதியில் கழித்தார். 1743-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் அங்கேயே காலமானார். மெடிசி குலத்தின் கடைசி விளக்கு அணைந்தது. அவர் காத்துக்கொடுத்த செல்வமோ அணையாமல் இருக்கிறது.

இரண்டு ஐயங்கள்

இச்செயலைத் தியாகம் என்று போற்றுவதற்கு முன் இரண்டு ஐயங்களை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும்.

முதலாவது: வாரிசு இல்லாத ஒருவர் தம் உடைமையை விட்டுக்கொடுத்ததில் தியாகம் எங்கே இருக்கிறது? எப்படியும் இழக்கவேண்டியதை இழந்தார், அவ்வளவுதானே? இந்த ஐயம் வலிமையுள்ளதுபோல் தோன்றுகிறது. ஆனால் சற்று ஆழ்ந்து நோக்கினால், இறக்கும் மனிதர் அனைவரும் எப்படியும் இழக்கவேண்டியவற்றையே கையில் வைத்திருக்கிறார்கள் என்பது விளங்கும். வாரிசு உள்ளவனும் எதையும் எடுத்துச் செல்வதில்லை. இழப்பு எல்லோருக்கும் பொது. அந்த இழப்பை அறிந்து, முன்னதாகவே ஒழுங்கு செய்து, பிறருக்குப் பயனாகும்படி மாற்றுகிறவர்கள் மிகச் சிலர். இழப்பு நெருங்கும்போது மனிதனின் கை தளர்வதில்லை, இறுகவே செய்கிறது. ஆட்சி உரிமை மறுக்கப்பட்டு, குலம் அற்றுப்போகும் வேதனையில், கசப்புக்கு இடம் கொடுக்க அந்தப் பெண்மணிக்குக் காரணங்கள் பல இருந்தன. 'எனக்குப் பின் என்ன ஆனால் என்ன?' என்று அவர் எண்ணவில்லை. எனக்குப் பின் என்ன ஆகவேண்டும் என்பதையே எண்ணினார்.

குலப்பெருமை நிலைக்கவேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இருந்திருக்கலாம். தம் முன்னோர்களின் சமாதி மண்டபத்தை நிறைவு செய்வதற்கும் அவர் தம் பொருளைச் செலவிட்டார். அவரை ஞானியாகவோ முனிவராகவோ காட்டவேண்டிய தேவை இல்லை. முற்றிலும் தூய உள்ளம் வாய்த்த பின்தான் நற்செயல் செய்யவேண்டும் என்றால் உலகில் நற்செயலே நிகழாது. கலப்புள்ள உள்ளத்தோடு தொடங்கும் செயலும், பலன் பிறருக்கே என்று திருப்பிவிடப்படும்போது தூய்மை அடைகிறது, செய்தவனையும் தூய்மையாக்குகிறது. கர்மயோகத்தின் நம்பிக்கை இதுவே.

இரண்டாவது ஐயம் இன்னும் கடுமையானது: அந்தச் செல்வம் அவருடையதுதானா? மெடிசி குடும்பத்தின் செல்வத்தில் வங்கித் தொழிலின் லாபம் இருந்தது. மக்கள் செலுத்திய வரியும் இருந்தது. மூன்றாம் கோசிமோவின் காலத்தில் வரிச்சுமை மக்களை வாட்டியது. அப்படியானால் மகள் கொடுத்தது தானமா? மக்களிடமிருந்து வந்ததை மக்களிடமே திருப்பித் தந்தது என்றுதானே கூறவேண்டும்?

ஆம், அப்படித்தான் கூறவேண்டும். அதனால் அச்செயலின் பெருமை குறைவதில்லை. அதன் பொருள் தெளிவாகிறது. உலகில் எவருடைய செல்வமும் அவர் ஒருவரால் மட்டும் உண்டானதன்று. உழவனின் விளைச்சலில் மழையும் மண்ணும் மாடும் கூலியாளும் பங்காளிகள். வணிகனின் லாபத்தில் சாலை போட்டவர்களும் சுமை தூக்கியவர்களும் பங்காளிகள். கல்வி கற்றவனின் வருவாயில் அவனுக்குக் கற்பித்தவர்களுக்கும், அந்தக் கல்விக்கூடத்தை நடத்தப் பொருள் தந்த சமுதாயத்திற்கும் பங்கு உண்டு. ஆதலின் கொடுப்பது யாவுமே ஒருவகையில் திருப்பித் தருவதே. 'நான் கொடுத்தேன்' என்ற செருக்குக்கு அங்கே இடமில்லை. கடன் தீர்த்தவன் தன்னைக் கொடையாளி என்று சொல்லிக்கொள்வானா? செல்வர்கள் தம் செல்வத்திற்குத் தர்மகர்த்தாக்களே என்று காந்தியடிகள் வற்புறுத்தியதன் கருத்தும் இதுதான்.

தோட்டத்துக் காரியஸ்தர்

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் கூறிய உவமை ஒன்று இங்கு நினைவுக்கு வருகிறது. பணக்காரர் ஒருவரின் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் காரியஸ்தர், வருகிறவர்களிடமெல்லாம் 'இது எங்கள் தோட்டம், இது எங்கள் குளம்' என்று பெருமையோடு காட்டுவார். ஏதோ குற்றத்திற்காக முதலாளி அவரை விலக்கும்போது, தமது மாமரப் பலகைப் பெட்டியை எடுத்துச் செல்லக்கூட அவருக்கு அனுமதி கிடைப்பதில்லை.

இந்த உவமையில் குருதேவர் வேலையை விட்டுவிடும்படி காரியஸ்தரிடம் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். தோட்டத்திற்குத் தண்ணீர் பாய்ச்சத்தான் வேண்டும். குளத்தைத் தூர்வாரத்தான் வேண்டும். வருகிறவர்களுக்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவதும் நல்ல பணியே. பிழை ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது. 'எங்கள்' என்ற அந்தச் சொல்லை அகற்றிவிட்டால் காரியஸ்தரின் வேலை அப்படியே பூஜையாகிவிடும். பற்றின்மை என்றவுடன் பொருளை அலட்சியமாக விடுவது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது சோம்பலின் மறுபெயர். கோயில் அர்ச்சகர் சுவாமியின் நகைகளைத் தம் வீட்டு நகைகளைவிடக் கவனமாகக் காக்கிறார்; ஆயினும் ஒருநாளும் அவற்றைத் தமதாக எண்ணுவதில்லை. மிகுந்த கவனமும் முழுமையான பற்றின்மையும் ஒரே உள்ளத்தில் இருக்கமுடியும் என்பதற்கு அந்த அர்ச்சகரே சான்று.

அன்னா மரியா லுயிசாவின் செயலில் இந்த இரண்டும் இணைந்திருந்தன. அவர் செல்வத்தை வீசி எறியவில்லை. ஒவ்வொன்றும் எங்கே இருக்கவேண்டும், எதற்காக இருக்கவேண்டும் என்று சிந்தித்து, சட்டத்தின் மொழியில் எழுதிக் கையெழுத்திட்டு வாங்கினார். நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவருடைய கணவரின் கதை இதை இன்னும் தெளிவாக்குகிறது. யோஹான் வில்ஹெல்மும் பெரிய கலை ஆர்வலர். டுசெல்டார்ஃப் நகரில் தம் ஓவியங்களுக்கென்றே தனிக் கட்டடம் எழுப்பினார். ரூபன்ஸின் ஓவியங்கள் பல அங்கே இருந்தன. அந்தத் தொகுப்புக்கு இத்தகைய ஒப்பந்தம் எதுவும் காவலாக இல்லை. 1805-06-ஆம் ஆண்டுகளில் போர்க்காலக் குழப்பத்தில் அது ம்யூனிக் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டது, திரும்பி வரவில்லை. அளவில் மிகப் பெரியதாக இருந்த ரூபன்ஸின் பலகை ஓவியம் ஒன்று மட்டும் எடுத்துச் செல்ல இயலாமல் பின்தங்கிவிட்டது. ஒரே இல்லத்தில் வாழ்ந்த தம்பதியர், இருவருமே கலையை நேசித்தவர்கள். ஒருவருடைய தொகுப்பு ஊரை விட்டுப் போயிற்று. மற்றவருடையது ஊரிலேயே நிலைத்தது.

மெடிசி குடும்பத்திடம் இருந்த பொருள்களுள் ஒன்று வேறு வழியில் சென்றது. 137 காரட் எடையுள்ள மஞ்சள் நிற வைரம் அது. 'பிளாரன்ஸ் வைரம்' என்று பெயர் பெற்றது. ஆட்சி மாறிய பின் அது வியன்னா சென்று ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் கருவூலத்தில் சேர்ந்தது. முதல் உலகப்போரின் முடிவில் அக்குடும்பம் அரியணை இழந்தபோது வைரமும் மறைந்தது. ஒரு நூற்றாண்டு காலம் அது தொலைந்துபோனதாகவே உலகம் கருதியது. கனடா நாட்டு வங்கி ஒன்றின் பெட்டகத்தில் அது பத்திரமாக இருப்பதை 2025-ஆம் ஆண்டு அக்குடும்பத்தினரே வெளியிட்டனர். வைரத்திற்கு எந்தக் குறையும் நேரவில்லை. ஆனால் அந்த நூறு ஆண்டுகளில் அதன் ஒளி எவர் கண்ணிலாவது பட்டு ஒருவருக்கேனும் மகிழ்ச்சி தந்ததா? அதே நூறு ஆண்டுகளில் பிட்டி அரண்மனைச் சுவரில் தொங்கும் ராஃபேலின் ஓவியத்தின் முன் எத்தனையோ மக்கள் நின்றிருக்கிறார்கள். வட்ட வடிவான அந்த ஓவியத்தில் நாற்காலியில் அமர்ந்த அன்னை மரியாள் குழந்தை ஏசுவை மார்போடு அணைத்திருக்கிறாள். யசோதையையும் கண்ணனையும் மனத்தில் வைத்துப் பூஜிப்பவர்களுக்கு அந்த அணைப்பின் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை.

காத்தல் ஒருநாள் வேலையன்று

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. நெப்போலியனின் போர்க்காலத்தில் பிரெஞ்சுப் படையினர் பிட்டி அரண்மனையின் ஓவியங்கள் பலவற்றைப் பாரிசுக்கு எடுத்துச் சென்றனர். மேலே கூறிய ராஃபேலின் ஓவியமும் அவற்றுள் ஒன்று. நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பின் 1815-ஆம் ஆண்டுதான் அது ஊர் திரும்பியது. படைபலத்தின் முன் காகிதம் தற்காலிகமாகத் தோற்கலாம். ஒவ்வொரு தலைமுறையும் அதற்குப் புதிதாக உயிர் கொடுக்கவேண்டியிருக்கிறது.

1944-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பின்வாங்கிய ஜெர்மானியப் படை ஆர்னோ நதியின் பாலங்களைத் தகர்த்தது. பழைய பாலம் ஒன்று மட்டும் தப்பியது. நதிக்கரை வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்ட ஆயிரக்கணக்கான மக்கள் பிட்டி அரண்மனையில் அடைக்கலம் புகுந்தனர். கோமக்கள் உலாவிய இடங்களில் குழந்தைகளுக்குப் பாய் விரிக்கப்பட்டது. தன் நெடிய வரலாற்றில் அந்த அரண்மனை அதைவிட உயர்ந்த விருந்தினரைப் பெற்றதில்லை என்றே கூறலாம்.

1966-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் ஆர்னோ நதி கரைபுரண்டு நகரை மூழ்கடித்தது. நூல்களும் ஓவியங்களும் சேற்றில் புதைந்தன. பல நாடுகளிலிருந்து இளைஞர்கள் தாமாகவே திரண்டு வந்து, முழங்கால் அளவு சேற்றில் நின்று, நூல்களைக் கைமாற்றிக் கைமாற்றி வெளியே கொண்டுவந்தனர். அவர்களுக்கு 'சேற்றுத் தேவதைகள்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. போபோலி பூங்காவில் எலுமிச்சைச் செடித் தொட்டிகளைக் குளிர்காலத்தில் பாதுகாக்கும் நீண்ட கூடம், நனைந்த மரப்பலகை ஓவியங்களுக்கு மருத்துவமனை ஆயிற்று. நனைந்த பலகை விரைவில் காய்ந்தால் சுருங்கும், வண்ணம் உதிர்ந்துவிடும். ஆகவே கூடத்துக் காற்றின் ஈரத்தை மெல்ல மெல்லக் குறைத்துப் பொறுமையோடு உலர்த்தினார்கள். சேற்றில் இறங்கிய அந்த இளைஞர்களுள் பலர் அந்நகரத்தவர்கள் அல்லர். தாங்கள் காத்தவற்றில் எதுவும் அவர்களுக்குச் சொந்தமன்று. சொந்தமில்லாத ஒன்றுக்காகத் தன்னை வருத்திக்கொள்ள மனிதனால் முடியும் என்பதைவிட அவனுடைய தெய்வத்தன்மைக்கு வேறு சான்று வேண்டுமா?

காண்பவரின் கடமை

1896-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், மேலைநாடுகளில் தம் பணியை முடித்துக்கொண்டு தாயகம் திரும்பும் வழியில், சுவாமி விவேகானந்தர் சேவியர் தம்பதியருடன் பிளாரன்ஸ் நகருக்கு வந்தார். அங்குள்ள கலைக்கூடங்களைக் கண்டு களித்தார். அந்நகரப் பூங்காவில் எதிர்பாராத விதமாகச் சிகாகோவின் ஹேல் தம்பதியரைச் சந்தித்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன், முகவரி அறியாமல் சிகாகோ நகரத் தெருவோரம் அமர்ந்திருந்த அந்த இளம் துறவியைக் கண்டு, தம் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டவர் திருமதி ஹேல். 'என் வீடு' என்ற எண்ணம் அக்கணத்தில் அவரைத் தடுத்திருந்தால், வரலாறு எவ்வளவு இழந்திருக்கும்!

தமக்கென்று ஏதும் இல்லாத துறவி ஒருவர், கோமக்கள் சேர்த்த கலைச்செல்வத்தைக் கண்டு மகிழ்ந்தார். சேர்த்தவர்களுள் பலருக்கு அந்த மகிழ்ச்சி வாய்த்திருக்குமா என்பது ஐயமே. சேர்ப்பவனுக்குக் காவல் பற்றிய கவலை உண்டு, போட்டியாளரைப் பற்றிய பொறாமை உண்டு. காண்பவனுக்கு அழகு மட்டுமே உண்டு. அனுபவிப்பதற்கு உடைமை தேவையில்லை என்பது மட்டுமன்று. பல சமயங்களில் உடைமையே அனுபவத்திற்குத் திரையாகிறது.

பொதுச்சொத்து என்று ஆகிவிட்டதாலேயே 'எனது' என்னும் நோய் தீர்ந்துவிடுவதில்லை. அது வேறு உருவம் கொள்கிறது. ஓவியத்தின் முன் ஒரு கணமும் நில்லாமல் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு நகர்கிறவன், கண்டதைவிடக் கைப்பற்றியதையே பெரிதாக எண்ணுகிறான். பொதுவானதுதானே என்று சுவரில் தன் பெயரைக் கீறுகிறவன், லூகா பிட்டியின் பெருமிதத்தைச் சிறிய அளவில் மீண்டும் அரங்கேற்றுகிறான். எல்லோருக்கும் உரியது என்பதன் பொருள் யாருக்கும் பொறுப்பில்லை என்பதன்று. ஒவ்வொருவரும் அதற்குக் காரியஸ்தர் என்பதே அதன் பொருள்.

அரண்மனைகளும் ராஃபேலின் ஓவியங்களும் எல்லோர் வாழ்விலும் வருவதில்லை. ஆனால் அன்னா மரியா லுயிசாவின் முன் நின்ற கேள்வி எல்லோர் வாழ்விலும் வருகிறது. தந்தை விட்டுச் சென்ற வீடு, தாத்தா வாங்கிச் சேர்த்த நூல்கள், பாட்டியிடமிருந்து வந்த பூஜைப் பாத்திரங்கள், ஒருவர் ஆண்டுக்கணக்கில் கற்றுத் தேர்ந்த கலை அல்லது தொழில் நுணுக்கம், பொறுப்பேற்று நடத்தும் ஒரு சங்கம் அல்லது அறநிலையம் ஆகிய ஒவ்வொன்றும், 'என்னை என்ன செய்யப்போகிறாய்?' என்று உரியவரைக் கேட்டுக்கொண்டேயிருக்கிறது. நூல்களைப் பூட்டி வைத்துச் செல்லரிக்க விடலாம். ஊர் நூலகத்திற்கும் அளிக்கலாம். கற்ற வித்தையைத் தன்னோடு கொண்டுபோய்விடலாம்; இளையவர் ஒருவருக்கேனும் கற்றுக்கொடுக்கலாம். பதவியைக் கடைசி மூச்சு வரை பற்றிக்கொண்டிருக்கலாம். உடலும் அறிவும் தெளிவாக இருக்கும்போதே தகுதியுள்ளவரைத் தயார்செய்து ஒப்படைக்கலாம். முடிவு எடுக்காமல் தள்ளிப்போடுவதும் ஒரு முடிவே. அந்த முடிவை அவருக்காகக் காலம் எடுத்துவிடும்.

பிளாரன்ஸ் நகரம் ஆண்டுதோறும் பிப்ரவரி 18-ஆம் நாள் தன் நகராட்சி அருங்காட்சியகங்களைக் கட்டணமின்றித் திறந்துவைத்து அந்தப் பெண்மணியை நினைவுகூர்கிறது. பெற்ற பிள்ளைகள் இல்லாதவருக்கு ஒரு நகரமே திதி கொடுக்கிறது. கையில் உள்ள பொருளின்மீது மனிதனுக்கு இருக்கும் உரிமை என்ன என்ற கேள்விக்கு இதுவே விடையாகலாம்: சிலகாலம் அதைக் காக்கும் உரிமை, அதன் அழகைப் பிறரோடு சேர்ந்து காணும் உரிமை, நல்ல கைகளில் நல்லபடி அதை விட்டுச் செல்லும் உரிமை. இவற்றுக்கு மேல் ஓர் உரிமை இருப்பதாக எண்ணுவது, தோட்டத்துக் காரியஸ்தரின் பெருமை போன்றதே.